என்1 தேர்வுக்கு ஏழு மாதம் போதும் என்று நான் போட்ட கணக்கு

ஜேஎல்பிடி என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஜப்பானிய மொழித் திறனறித் தேர்வில் என்2 (N2) என்ற இரண்டாவது உயர்நிலையை ஒரு டிசம்பரில் எழுதிவிட்டு, அதன் முடிவு வருவதற்கு முன்பே, அடுத்த ஜூலையில் எல்லாவற்றிலும் கடினமான என்1 (N1) நிலையை எழுதிவிடுவது என்று நான் தீர்மானித்துவிட்டேன். அதற்கு என்னிடம் ஒரு கணக்கு இருந்தது. 2010-ஆம் ஆண்டுக்கு முன், இந்தத் தேர்வு ஐந்து நிலைகளாக அல்லாமல் நான்கு நிலைகளாக இருந்த காலத்தில், ஒவ்வொரு நிலைக்கும் எவ்வளவு படிக்க வேண்டும் என்ற அளவு வெளியிடப்பட்டிருந்தது. இன்றைய என்2-க்கு இணையான இரண்டாம் நிலைக்கு ஏறத்தாழ 1,000 கன்ஜி (சீனத்திலிருந்து வந்த எழுத்துகள்), 6,000 சொற்கள், 600 மணி நேரப் படிப்பு. என்1-க்கு இணையான முதல் நிலைக்கு 2,000 கன்ஜி, 10,000 சொற்கள், 900 மணி நேரம். ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் 1,000 கன்ஜி, 4,000 சொற்கள், 300 மணி நேரம் மிஞ்சுகிறது. தேர்வு ஆண்டுக்கு இரண்டு முறை, ஜூலை முதல் ஞாயிறிலும் டிசம்பர் முதல் ஞாயிறிலும் நடக்கிறது. இடையில் ஏறத்தாழ 210 நாள். அப்படியானால் நாளுக்கு 19 சொற்கள், ஐந்து கன்ஜி, ஒன்றரை மணி நேரத்துக்கும் சற்றுக் குறைவான படிப்பு. தாளில் பார்த்தால் குறை காண முடியாத கணக்கு. ஆகஸ்டு இறுதியில் முடிவு வந்தபோது 180-க்கு 94 பெற்றிருந்தேன். தேர்ச்சிக்கு 100 வேண்டும்.

அந்த 94 எப்படி வந்தது என்பதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். என்1 தேர்வின் மதிப்பெண் மூன்று பகுதிகளாக, ஒவ்வொன்றும் 60 என்ற கணக்கில் தரப்படுகிறது. எழுத்து, சொல், இலக்கணம் ஆகியவை சேர்ந்த மொழியறிவுப் பகுதியில் எனக்கு 39, வாசிப்பில் 22, கேட்டலில் 33. மொத்தம் 100 பெற்றால் மட்டும் போதாது; ஒவ்வொரு பகுதியிலும் குறைந்தது 19 பெற்றாக வேண்டும். எனக்குத் தெரிந்த ஒருவர் மொத்தம் 112 பெற்றும் கேட்டலில் 17 என்பதால் தேர்ச்சி பெறவில்லை. ஆகவே வலுவான பகுதியை மேலும் வலுப்படுத்தி, பலவீனமான பகுதியை அதன் நிழலில் மறைத்துவிடலாம் என்ற எண்ணம் இந்தத் தேர்வில் செல்லாது.

ஏழு மாதமும் நான் எதை எவ்வளவு நேரம் படித்தேன் என்று ஒரு குறிப்பேட்டில் எழுதி வந்திருந்தேன். தோல்விக்குப் பிறகு அதை எடுத்துக் கூட்டிப் பார்த்தேன். மொத்தம் 305 மணி நேரம். அதில், மனப்பாடத்துக்கு உதவும் அங்கி (Anki) என்ற செயலியில் சொல் அட்டைகளைப் புரட்டியது 190 மணி, இலக்கணம் 60 மணி, வாசிப்பு 35 மணி, கேட்டல் 20 மணி. கேட்டலில் ஓரளவு தப்பித்ததற்குக் காரணம், என் பணியில் ஜப்பானியரோடு வாரந்தோறும் நடந்த கூட்டங்கள். அந்த நேரம் குறிப்பேட்டில் சேரவில்லை. மற்றபடி மதிப்பெண் பட்டியல் குறிப்பேட்டைப் பார்த்து எழுதியதுபோல் இருந்தது. 300 மணி நேரம் என்ற என் இலக்கை நான் எட்டியிருந்தேன். ஆனால் அந்த மணிகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை, எண்ணுவதற்கு எளிதாக இருந்த ஒரே காரணத்தால், சொல் அட்டைக்குக் கொடுத்திருந்தேன். இன்று இருபது சொல் படித்தேன் என்று இரவில் சொல்லிக்கொள்ளலாம். இன்று வாசிப்பு எவ்வளவு முன்னேறியது என்று அப்படிச் சொல்லிக்கொள்ள முடியாது.

எவ்வளவு விரைவில் தயாராக முடியும் என்று கேட்பவர்களுக்கு நான் இப்போது தரும் விடை இந்தக் குறிப்பேட்டிலிருந்து வந்ததுதான். சொல்லையும் கன்ஜியையும் இலக்கண வடிவங்களையும் விரைவுபடுத்தலாம்; கூடுதல் நேரம் போட்டால் கூடுதலாக ஏறும். வாசிப்பு வேகமும் காதும் அப்படி ஏறுவதில்லை. கடைசி இரண்டு மாதத்தில் ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம் உட்கார்ந்தாலும், பத்து மாதம் நாள்தோறும் அரை மணி நேரம் வாசித்தவரின் வேகம் வராது. அப்படியானால் மெதுவாக வளர்வதை முதல் நாளிலேயே தொடங்கி, விரைவாக வளர்வதைப் பின்னால் தள்ள வேண்டும். நான் இதைத் தலைகீழாகச் செய்தேன். பெரும்பாலோர் அப்படித்தான் செய்கிறார்கள் என்பது என் எண்ணம்.

முதல் முறை தேர்வறையில் நடந்ததைச் சொன்னால் இது விளங்கும். மொழியறிவும் வாசிப்பும் ஒரே வினாத்தாளில், இடைவெளி இல்லாமல், 110 நிமிடத்துக்கு வருகின்றன. எந்தப் பகுதிக்கு எவ்வளவு நேரம் என்று யாரும் பிரித்துத் தருவதில்லை. சொல், இலக்கண வினாக்களில் எனக்கு விடை தெரியும் என்ற பெருமிதத்தில் ஒவ்வொன்றையும் இருமுறை சரிபார்த்துக்கொண்டே வந்தேன். வாசிப்பின் முதல் பத்தியைத் தொட்டபோது 50 நிமிடம் போயிருந்தது. சிறு பத்திகள் ஏறத்தாழ 200 எழுத்து, நடுத்தரமானவை 500, நெடியவை 1,000 எழுத்து அளவில் இருக்கும். முதல் நெடும்பத்தியின் பாதியில் ஒரு வாக்கியத்தைப் பிடிக்க முடியாமல் மூன்று முறை திரும்பத் திரும்பப் படித்தேன். முடிவில் ஏழு வினாக்களுக்கு, பத்தியையே படிக்காமல், கடைசி இரண்டு நிமிடத்தில் விடைத்தாளில் வட்டங்களை நிரப்பினேன். தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை என்பதால் எதையும் வெறுமையாக விடாமல் இருந்தது மட்டுமே அன்று நான் செய்த புத்திசாலித்தனம். இதில் இன்னும் வருத்தம் என்னவென்றால், தாளின் இறுதியில் ஓர் அறிவிப்பையோ விளம்பரத்தையோ கொடுத்து, தேவையான தகவலை மட்டும் தேடி எடுக்கச் சொல்லும் இரண்டு வினாக்கள் இருக்கும். அவை ஒப்பீட்டளவில் எளியவை. அவற்றையும் நான் கண்ணை மூடிக்கொண்டுதான் நிரப்பினேன். இரண்டாம் முறை, சொல்லும் இலக்கணமும் முடிந்தவுடன் முதலில் அந்த இறுதி வினாக்களை முடித்துவிட்டுத்தான் மற்றப் பத்திகளுக்குத் திரும்பினேன்.

செப்டம்பர் தொடக்கத்தில் ஒரு கடிகாரத்தை வைத்துக்கொண்டு 1,000 எழுத்துள்ள ஒரு கட்டுரையைப் படித்துப் பார்த்தேன். ஆறு நிமிடத்துக்கு மேல் ஆனது. வினாக்களையும் அவற்றின் நான்கு விடைகளையும் படிக்க, யோசிக்க, சந்தேகம் வந்தால் பத்திக்குத் திரும்ப நேரம் வேண்டுமானால், மூன்றரை நிமிடத்துக்குள் படித்தாக வேண்டும் என்று மதிப்பிட்டேன். அன்று முதல் டிசம்பர் வரை, சொல் அட்டைகளை நாளுக்கு அரை மணி நேரமாகச் சுருக்கிவிட்டு, மிச்ச நேரத்தை வாசிப்புக்கு மாற்றினேன். நாள்தோறும் நாளிதழ்த் தலையங்கம் ஒன்று அல்லது அதே அளவுள்ள கட்டுரை ஒன்று. முதல் முறை அகராதி இல்லாமல், கடிகாரத்தோடு. அடுத்து அகராதியோடு, மெதுவாக. மறுநாள் காலையில் அதையே ஒருமுறை வாய்விட்டு. வாய்விட்டுப் படிப்பது சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றலாம். ஆனால் எந்த இடத்தில் குரல் தடுமாறுகிறதோ அந்த இடம்தான் புரியாத இடம் என்பதை அது ஒளிவுமறைவின்றிக் காட்டிக்கொடுக்கும்.

இந்த வாசிப்பின் நடுவில்தான் என் பழைய குறை ஒன்று எனக்குத் தெரியவந்தது. நான் ஜப்பானிய மொழியைத் தொடக்கத்திலிருந்து ஆங்கில விளக்கங்கள் கொண்ட பாடநூல்களின் வழியே படித்தவன். அதனால் ஒரு நீண்ட வாக்கியத்தைப் பார்த்தவுடன், என்னையறியாமல் கண் வாக்கியத்தின் இறுதிக்குத் தாவி வினையைத் தேடும். பிறகு பின்னாலிருந்து முன்னோக்கிப் பொருளைக் கட்டிக்கொண்டு வரும். ஒவ்வொரு வாக்கியத்தையும் இருமுறை படிப்பதற்கு இது சமம். தமிழில் சிந்திக்கும் ஒருவருக்கு இந்தத் தாவல் தேவையே இல்லை. “நேற்று நான் கடையில் வாங்கிய புத்தகம்” என்பதில் எந்தச் சொல் எந்த இடத்தில் நிற்கிறதோ, ஜப்பானியத்திலும் அது அதே இடத்தில்தான் நிற்கிறது. பெயரெச்சம் பெயருக்கு முன் வருகிறது. வேற்றுமை உருபு பெயருக்குப் பின் வருகிறது. “என்று” வரும் இடத்தில் “தொ” வருகிறது. “செய்து பார்”, “வாங்கி வை”, “போய்விட்டது” என்று நாம் துணைவினை சேர்க்கும் இடங்களில் அவர்களும் ஏறத்தாழ அதே பொருளில் “தெ மிரு”, “தெ ஒகு”, “தெ ஷிமவ்” என்று சேர்க்கிறார்கள். தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் உறவு உண்டு என்று மொழியியலாளர் சுசுமு ஓனோ வாதிட்டதையும், பெரும்பாலான மொழியியலாளர்கள் அதை ஏற்கவில்லை என்பதையும் பலரும் அறிவார்கள். அந்த வழக்கு எப்படி முடிந்தாலும் தேர்வெழுதுபவருக்குக் கவலையில்லை. சொல்வரிசை ஒத்துப்போகிறது என்பதே போதுமானது. ஆங்கிலத்தை இடையிலிருந்து நீக்கிவிட்டு, வாக்கியத்தை வந்த வரிசையிலேயே தமிழ் வாக்கியம்போல் வாங்கிக்கொள்ளப் பழகிய ஆறு வாரத்தில் என் வேகம் நான்கரை நிமிடத்துக்கு வந்தது. நவம்பர் இறுதியில் மூன்றரை நிமிடத்தைச் சில நாள்களில் எட்டினேன், எல்லா நாள்களிலும் அல்ல.

இலக்கணத்திலும் இதே வழி உதவியது. என்1 நிலையின் இலக்கண வடிவங்கள் பெரும்பாலும் எழுத்து வழக்குக்கும் பழைய நடைக்கும் உரியவை. ஆங்கில விளக்கத்தில் ஐந்தாறு வடிவங்களுக்கு ஒரே பொருள் எழுதியிருக்கும். தமிழில் அவற்றுக்கு வேறுவேறு வழக்குகள் கிடைக்கின்றன. “நகன் பகரி நி” என்பதற்கு “அழாத குறையாக” என்பதைவிடப் பொருத்தமான விளக்கத்தை நான் எந்த நூலிலும் பார்க்கவில்லை. கதவைத் திறந்ததும் ஏதோ நடந்தது என்று சொல்லும் “யா இன யா” நமக்கு “திறந்ததுதான் தாமதம்”. “தொ இயெதொமொ” என்பது உறுப்புக்கு உறுப்பு “என்றாலும்”. “இயு மதெ மொ நய்” என்பது “சொல்லவும் வேண்டுமா”. எல்லா வடிவங்களுக்கும் இப்படி அமையாது. அமைந்தவற்றை எழுதி வைத்துக்கொண்டேன், அமையாதவற்றை எடுத்துக்காட்டு வாக்கியத்தோடு மனப்பாடம் செய்தேன். மாறாக, செயப்பாட்டு வினையில் தமிழ் நம்மைக் கைவிடும். மழை பெய்து நான் அவதிப்பட்டேன் என்பதை, “மழையால் பெய்யப்பட்டேன்” என்பதுபோல் அவர்கள் சொல்வார்கள். கட்டுரைகளில் எழுவாயே இல்லாமல் இத்தகைய வினைகள் அடுக்கடுக்காக வரும்போது யார் செய்தார், யாருக்கு நேர்ந்தது என்பது தவறிவிடும். அப்படிப்பட்ட இடங்களில் பென்சிலால் எழுவாயைக் குறித்துக்கொள்வதை நான் வழக்கமாக்கிக்கொண்டேன்.

வாசிப்புப் பகுதியில் கேட்கப்படுவது பெரும்பாலும் எழுதியவர் என்ன கருதுகிறார் என்பதே. அந்தக் கட்டுரைகளில் ஒரு போக்கு திரும்பத் திரும்ப வரும். “தஷிக நி”, அதாவது “உண்மைதான்” என்று பொதுக்கருத்தை ஒப்புக்கொள்வதுபோல் தொடங்கி, “ஷிகஷி”, அதாவது “ஆனால்” என்று திரும்பிய பிறகே தம் கருத்தைச் சொல்வார்கள். விடைகளுள் ஒன்று பெரும்பாலும் அந்த “உண்மைதான்” பகுதியிலிருந்து எடுக்கப்பட்டிருக்கும். அவசரக்காரர் அதில் விழுவார். இன்னொன்று, “தெ வா நய் தரோ க” என்று முடியும் வாக்கியம். மேலோட்டமாகப் பார்த்தால் எதிர்மறை, ஐயம், வினா எல்லாம் சேர்ந்த குழப்பமாகத் தெரியும் இந்த முடிவு, உண்மையில் “இப்படித்தானே இருக்க வேண்டும்” என்று எழுதியவர் தம் உறுதியான கருத்தைப் பணிவோடு வைக்கும் இடம். அதன் அடியில் கோடிட்டுவிட்டால் பாதி விடை கையில் வந்துவிடும்.

சொற்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனெனில் இதைத்தான் எல்லோரும் தாமாகவே செய்துவிடுகிறார்கள். 2010-க்குப் பிறகு அதிகாரப்பூர்வச் சொற்பட்டியல் எதுவும் வெளியிடப்படுவதில்லை. ஆகவே இந்த 10,000 சொற்களை முடித்தால் போதும் என்று எவரும் உறுதி தர முடியாது. தனிச்சொல்லும் அதன் பொருளும் மட்டும் எழுதிய அட்டைகள் என்னை ஏமாற்றின. ஒரு சொல்லைக் கொடுத்து, நான்கு வாக்கியங்களுள் எதில் அது சரியாக வந்திருக்கிறது என்று கேட்கும் ஆறு வினாக்கள் அப்போது இருந்தன. அவற்றில் தனிப்பொருள் உதவாது. “கொகொரொஸுயொய்” என்ற சொல்லை உறுப்புப் பிரித்தால் “நெஞ்சம் வலிய” என்று வரும். துணிச்சல் என்று நினைத்துத்தான் அட்டை எழுதியிருந்தேன். அருகில் ஒருவர் துணை இருப்பதால் வரும் தெம்பு என்பதே அதன் பொருள். அதன்பின் அட்டையின் முகப்பில் முழு வாக்கியம் ஒன்றை எழுதத் தொடங்கினேன். அட்டைகளின் எண்ணிக்கை பாதியாகக் குறைந்தது, மறதியும் குறைந்தது.

கன்ஜியில் ஒலி தரும் உறுப்பைக் கவனித்தால் சுமை குறையும். நீலத்தைக் குறிக்கும் எழுத்தை உறுப்பாகக் கொண்டு, தெளிவு, வானம் வெளுத்தல், வேண்டிக் கேட்டல் என்று வெவ்வேறு பொருள் தரும் எழுத்துகள் எல்லாம் “செய்” என்ற ஒரே ஒலியைப் பெறுகின்றன. இப்படிக் குடும்பம் குடும்பமாகப் படித்தது எனக்கு உதவியது. தமிழருக்கு இடறல் ஒன்றும் இங்கே உண்டு. குறில், நெடில் வேறுபாடும் ஒற்று இரட்டிப்பதும் நம் காதுக்குப் பழக்கமானவை. மற்ற மொழியினர் திணறும் அந்த இடத்தில் நமக்குத் தடையில்லை. ஆனால் வல்லினத்தின் இரு ஒலிகளை நம் எழுத்து பிரிப்பதில்லை. “சமத்துவம்” என்று பொருள்படும் “ப்யோதோ” என்ற சொல்லின் பகரமும் தகரமும் மெலிந்தொலிக்க வேண்டும் என்பதை, இதோ, இந்த வரியில்கூட என்னால் எழுதிக் காட்ட முடியவில்லை. கன்ஜி வாசிப்பு வினாக்களின் விடைகள் பலமுறை இந்த வேறுபாட்டைக் கொண்டே அமைந்திருக்கும். குறிப்பேட்டில் ஒலிப்பைத் தமிழெழுத்தில் எழுதும் வழக்கத்தை அன்றே விட்டு, ஹிரகனா என்ற ஜப்பானிய ஒலியெழுத்துக்கு மாறினேன்.

கேட்டல் பகுதியில் ஒலிப்பதிவு ஒருமுறைதான் ஒலிக்கும். முதலில் 60 நிமிடமாக இருந்த அந்தப் பகுதி 2022 டிசம்பர் முதல் 55 நிமிடமாகியிருக்கிறது. அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று கேட்கும் உரையாடல்களில், முதலில் சொல்லப்படும் வேலைகள் பெரும்பாலும் “அது ஏற்கெனவே முடிந்துவிட்டது” என்றோ “அதை நாளை பார்த்துக்கொள்ளலாம்” என்றோ ஒவ்வொன்றாகக் கழிக்கப்படும். கழிந்ததைக் கழித்துக்கொண்டே வந்தால் மிஞ்சுவதுதான் விடை. ஒரு சிறு தொடரைச் சொல்லி, அதற்குரிய மறுமொழியை மூன்றிலிருந்து தேர்ந்தெடுக்கச் சொல்லும் வினாக்களில், ஒன்றைத் தவறவிட்டால் அதையே நினைத்துக்கொண்டிருக்கக் கூடாது. அடுத்தது அதற்குள் போய்விடும். ஜூலையில் நான் அப்படி ஒன்றுக்காக வருந்தி அடுத்த இரண்டையும் இழந்தேன். வீட்டில் பயிற்சி செய்தபோது புரியாத இடத்தில் நிறுத்தி, பின்னோக்கிச் சென்று கேட்ட பழக்கம்தான் இதற்குக் காரணம். பிறகு நிறுத்தும் பொத்தானைத் தொடுவதில்லை என்று வைத்துக்கொண்டேன்.

டிசம்பரில் 121 வந்தது: மொழியறிவு 41, வாசிப்பு 39, கேட்டல் 41. சொல் அட்டைக்குக் கொடுத்த நேரத்தைப் பாதிக்குக் கீழ் குறைத்தும் மொழியறிவு மதிப்பெண் குறையவில்லை என்பதைக் கவனிக்கலாம். ஜூலைக்கும் டிசம்பருக்கும் இடையில் இன்னும் 360 மணி நேரம் ஆகியிருந்தது. ஆக, என்2-லிருந்து என்1 வரை எனக்கு ஒரு முழு ஆண்டும் 665 மணி நேரமும் தேவைப்பட்டன, பழைய அளவைப் போல் இரு மடங்குக்கு மேல். ஒழுங்காகப் பிரித்துப் படித்திருந்தால் 500 மணி நேரத்தில் முடிந்திருக்கும் என்பது என் மதிப்பீடு. அதாவது நாளுக்கு இரண்டு மணி நேரம் என்றால் எட்டு, ஒன்பது மாதம். என்2-இல் தேர்ச்சி எல்லையான 90-ஐ ஒட்டித் தேறியவர் ஓராண்டுக்குக் குறைத்து எண்ண வேண்டாம். 140-க்கு மேல் பெற்றவர் ஆறு மாதத்தில் முயலலாம். மூன்று மாதத்தில் தேறச் செய்வதாக உறுதியளித்த ஒரு பயிற்சி வகுப்பில் நானும் முதல் முறை பணம் கட்டினேன். அங்கே மூன்று மாதத்தில் தேறியவர்கள் இருந்தது உண்மைதான், ஆனால் அவர்கள் சேரும்போதே ஜப்பானிய நாவல்களை அகராதியின்றிப் படிப்பவர்களாகவோ, சீன எழுத்தறிவு உடையவர்களாகவோ இருந்தார்கள்.

நடைமுறையில் இன்னும் ஒன்று உண்டு. ஜூலைத் தேர்வின் முடிவு ஆகஸ்டு இறுதியில்தான் வரும். டிசம்பர்த் தேர்வுக்கான பதிவோ பல இடங்களில் அதே நாள்களில் நடந்து முடிந்துவிடும். முடிவைப் பார்த்துவிட்டுப் பதிவு செய்யலாம் என்று காத்திருந்தால் ஓர் ஆண்டின் பாதி போய்விடும். முடிவுக்குக் காத்திருக்காமல் படிப்பைத் தொடர்வதும் அவ்வாறே முக்கியம். நான் ஜூலைக்குப் பின் ஆறு வாரம் புத்தகத்தைத் தொடவில்லை. அந்த ஆறு வாரத்தில் அங்கியில் சேர்ந்த நிலுவை அட்டைகளைத் தீர்ப்பதற்கே செப்டம்பரின் பாதி போனது.

இப்போது யாராவது வந்து ஜூலையில் எழுதட்டுமா, டிசம்பரில் எழுதட்டுமா என்று கேட்டால், எத்தனை சொல் தெரியும் என்று நான் கேட்பதில்லை. அவர்கள் பார்த்திராத, 1,000 எழுத்துள்ள ஒரு கட்டுரையைக் கையில் கொடுத்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு அமைதியாக உட்கார்ந்துவிடுகிறேன். சென்ற பிப்ரவரியில் வந்தவர் ஐந்து நிமிடம் நாற்பது நொடி எடுத்தார். டிசம்பருக்குப் பதிவு செய்யச் சொன்னேன். அவருக்கு அது பிடிக்கவில்லை, ஜூலைக்கே பதிவு செய்துவிட்டார். ஆனாலும் அந்தக் கட்டுரையை வீட்டுக்கு எடுத்துச் செல்லலாமா என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.